ஒரே கை எல்லா டிராக்கிலும்: பேண்டை விட்டு வந்தபின் தனியாக ஒரு ராக் ஆல்பம்

பேண்டை விட்டு விலகியவர்கள் முதலில் கவலைப்படுவது டிரம்ஸுக்கு யார், பேஸுக்கு யார் என்றுதான். அது சுலபமாகத் தீர்ந்துவிடும். கிதார் வாசிக்கிறவர் பேஸையும் ஒப்பேற்றிவிடுவார். டிரம்ஸுக்கு ஆள் கிடைக்கும், கிடைக்காவிட்டால் புரோகிராம் பண்ணிக்கொள்ளலாம். உண்மையான தலைவலி வேறு இடத்தில் இருக்கிறது. நாலு பேர் சேர்ந்து வாசிக்கும்போது ஒருவர் லேசாக முந்துவார், இன்னொருவர் லேசாகப் பிந்துவார். ஒருவருடைய கோளாறை மற்றவருடைய பழக்கம் ஈடுகட்டிவிடும். எல்லாவற்றையும் ஒரே ஆள் வாசித்தால் அந்த ஈடுகட்டல் போய்விடுகிறது. கோரஸ் வந்ததும் அவசரப்படுகிற கை, ரிதம் கிதாரிலும் அவசரப்படும், பேஸிலும் அவசரப்படும். பின்பாட்டிலும் அதே அவசரம் வாய்க்கு வரும். ஒவ்வொரு டிராக்கையும் தனியாகப் போட்டுக் கேட்டால் குறை தெரியாது. சேர்த்துப் போட்டால் பாட்டே ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடும்.

தனி ஆல்பத்தில் நடக்கும் தவறுகளில் பாதிக்குமேல் இதிலிருந்துதான் வருகின்றன: ஒரே கை, ஒரே காது, ஒரே ரசனை. கருவி வாங்குவதைவிட இதற்கு வழி தேடுவதில் காலத்தைச் செலவழிப்பது நல்லது.

விலகும்போதே முடிக்க வேண்டியது

மைக்கைத் தொடுவதற்கு முன்னால் காகித வேலை. பேண்டாகச் சேர்ந்து ஒரு ரெக்கார்ட் நிறுவனத்திடம் கையெழுத்துப் போட்டிருந்தால், விலகும் உறுப்பினரின் தனி ஆல்பத்தில் நிறுவனத்துக்கு முன்னுரிமை தரும் பிரிவு ஒன்று அதில் இருப்பது வழக்கம். பழைய பாட்டுகளைக் குறிப்பிட்ட காலத்துக்கு மறுபடி பதிவு செய்யக்கூடாது என்றும் இருக்கும். கையெழுத்துப் போட்ட நாளில் யாரும் படிப்பதில்லை. விலகும் நாளிலாவது படியுங்கள்.

பாட்டு வேறு, பாட்டின் பதிவு வேறு. இரண்டும் தனித்தனிச் சொத்து. பாட்டை நீங்களே எழுதியிருந்தாலும் பேண்ட் பதிவு செய்த மாஸ்டர் (மூலப் பதிவு) உங்களுடையது என்று ஆகிவிடாது. ஒத்திகையில் பிறந்து ஆல்பத்தில் சேராமல் கிடக்கும் சின்ன மெட்டுத் துணுக்குகள், அதாவது ரிஃப்கள்தான் பின்னால் சண்டைக்கு வரும். எந்தப் பாட்டில் மெட்டு யாருடையது, வரி யாருடையது, யாருக்கு எத்தனை சதவீதம் என்று ஒரு பக்கத்தில் எழுதி, எல்லோரிடமும் மின்னஞ்சலில் 'சரி' வாங்கிக்கொள்ளுங்கள். உறவு கெடுவதற்கு முன் வாங்கினால் பத்து நிமிஷ வேலை. கெட்ட பிறகு வக்கீல் வேலை. போனில் பதிந்து வைத்த ஒத்திகைக் குரல் பதிவுகளைத் தேதியோடு பத்திரப்படுத்துங்கள். எந்த ரிஃப் எந்த நாளில் யார் கையில் பிறந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஜான் ஃபோகர்ட்டியைப் பார்க்கலாம். கிரீடென்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் பேண்டின் பாட்டுகளைப் பெரும்பாலும் எழுதியவர் அவர். 1985-இல் வந்த 'சென்டர்ஃபீல்ட்' ஆல்பத்தில் எல்லாக் கருவிகளையும் அவரே வாசித்தார். அதில் ஒரு பாட்டு, 1970-இல் அவரே பேண்டுக்காக எழுதிய பாட்டின் நகல் என்று அதன் உரிமை வைத்திருந்த பழைய நிறுவனம் வழக்குப் போட்டது. தன்னைத்தானே காப்பியடித்ததாகக் குற்றச்சாட்டு. 1988-இல் கிதாரோடு சாட்சிக் கூண்டில் ஏறி, தன் பாணி எப்படிப்பட்டது என்று வாசித்துக் காட்டினார். ஜூரி அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. வழக்குச் செலவு யார் தலையில் என்ற கேள்வி மட்டும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது; அங்கே தீர்ப்பு வந்தது 1994-இல்தான்.

பாட்டைத் தேர்ந்தெடுப்பது

கையில் 15 டெமோ (மாதிரிப் பதிவு) இருந்தால் 9 அல்லது 10 எடுத்துக்கொள்ளுங்கள். பேண்டில் யாரோ ஒருவர் 'இது வேண்டாம்டா' என்று சொல்லியிருப்பார். இப்போது அந்தக் குரல் இல்லை. அதற்குப் பதிலாக ஒரு சோதனை வையுங்கள்: ஒரு அகூஸ்டிக் கிதார், ஒரு குரல், போனில் ஒரே டேக் (ஒரு முறை வாசித்துப் பதிந்தது). அந்த வடிவத்தில் நிற்காத பாட்டுக்கு 40 டிராக் போட்டாலும் கால் முளைக்காது.

சுருதியையும் அப்போதே பாருங்கள். பேண்டில் வேறொருவர் பாடியிருந்தால் பாட்டுகள் அவருடைய தொண்டைக்கேற்ற சுருதியில் எழுதப்பட்டிருக்கும். இருக்கிற சுருதி, ஒரு படி கீழே, இரண்டு படி கீழே என்று மூன்று முறை பாடிப் பதிந்து மறுநாள் கேளுங்கள். பாடும்போது வசதியாக இருக்கும் சுருதியும் கேட்கும்போது உயிரோடு இருக்கும் சுருதியும் ஒன்றாக இருப்பதில்லை. ராக் பாட்டுக்குப் பெரும்பாலும் வசதிக்கு அரைப் படி மேலேதான் சரியான இடம்.

வேகமும் வழிகாட்டி டிராக்கும்

வேகத்தை யோசித்து வைக்காதீர்கள், கண்டுபிடியுங்கள். கிளிக் (தாளம் காட்டும் 'டிக் டிக்' ஒலி) இல்லாமல் பாட்டை உற்சாகத்தோடு வாசித்துப் பதிந்து, கேட்டுக்கொண்டே தட்டி பிபிஎம் (நிமிஷத்துக்கு எத்தனை அடி) எடுங்கள். சரணத்தில் 118, கோரஸில் 121 என்று வந்தால் அது பாட்டின் குணம். கிளிக்கையே அப்படிப் போடலாம். ரெக்கார்டிங் மென்பொருள் பெரும்பாலானவற்றில் டெம்போ டிராக் (வேகத்தை இடத்துக்கு இடம் மாற்றும் வசதி) இருக்கிறது. ஒரே எண்ணில் இறுக்கிவிட்டால், கோரஸுக்குப் போகும்போது கை கிளிக்கோடு மல்லுக்கட்டும். அந்த மல்லுக்கட்டு ஆறு டிராக்கிலும் பதியும்.

கிளிக்கோடு ஒரு கிதார், ஒரு சுமாரான குரல். வழிகாட்டி டிராக் இவ்வளவுதான். ஆனால் அலட்சியமாகப் பாடிய வழிகாட்டிக்கு டிரம்ஸ் வாசித்தால் டிரம்ஸும் அலட்சியமாகத்தான் வரும். பிழை இருக்கலாம், சோர்வு இருக்கக்கூடாது.

டாட் ரண்ட்கிரென் நாஸ் பேண்டை விட்டு வந்தபின் 1972-இல் வெளியிட்ட இரட்டை ஆல்பத்தின் நாலு பக்கங்களில் மூன்றை முழுக்கத் தானே வாசித்தார். பாட்டை மனசுக்குள் ஓட்டிக்கொண்டே முதலில் டிரம்ஸை வாசிப்பது அவர் வழி. டிரம்ஸில் தப்பு வந்துவிட்டால் பின்னால் பாட்டையே அதற்கேற்ப மாற்றிக்கொள்வார். கேட்க அழகான முறை. பாட்டின் ஒவ்வொரு பாரும் (தாளச் சுற்றும்) மனப்பாடமாக இல்லாதவர்கள் முயன்றால் நடு இசையில் எத்தனை பார் போனது என்று எண்ணிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

டிரம்ஸ்

மூன்று வழி: நீங்களே வாசிப்பது, தூரத்தில் இருக்கும் ஒரு டிரம்மரிடம் கொடுப்பது, புரோகிராம் செய்வது. பணம் ஒரே ஒரு ஆளுக்குத்தான் இருக்கிறது என்றால் அதை டிரம்மருக்குக் கொடுங்கள். ஆல்பத்தில் உங்கள் கை அல்லாத ஒரு கை இருக்க வேண்டிய இடம் அதுதான்.

தூரத்து டிரம்மருக்கு அனுப்பும் ஃபைல்கள் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் (சுருக்காத ஒலி ஃபைல்) ஆக இருக்கட்டும். எல்லாம் ஒரே புள்ளியில், முதல் பாருக்கு இரண்டு பார் முன்னால் தொடங்க வேண்டும். கிளிக் தனி, கிதார் தனி, குரல் தனி. கூடவே டெம்போ மாறும் இடங்களும் பகுதிகளின் நீளமும் எழுதிய ஒரு பக்கத் தாள். திரும்பி வரவேண்டியது எஃபெக்ட் போடாத தனித்தனி மைக் டிராக்குகள். அவரே எல்லாவற்றையும் கலந்து மிக்ஸ் செய்த ஸ்டீரியோ ஒன்று போதாது. இதை முன்கூட்டியே எழுத்தில் சொல்லாவிட்டால், ஸ்னேர் சத்தம் பிடிக்கவில்லை என்று நினைக்கும் நாளில் செய்ய ஒன்றும் இருக்காது.

வீட்டிலேயே பதிவதென்றால் நாலு மைக் போதும்: கிக், ஸ்னேர், மேலே இரண்டு. கிளின் ஜான்ஸ் என்ற பொறியாளரின் பெயரால் அறியப்படும் அமைப்பைத்தான் பலரும் பின்பற்றுகிறார்கள். ஒரு மைக் ஸ்னேருக்கு நேர் மேலே சுமார் ஒரு மீட்டரில். இன்னொன்று ஃபுளோர் டாமுக்கு வெளியே, அதன் விளிம்புக்குச் சற்று மேலே, ஸ்னேரைப் பார்த்தபடி. ஸ்னேரின் நடுப்புள்ளியிலிருந்து இரண்டு மைக்குக்கும் தூரம் ஒன்றாக இருக்க வேண்டும். கண்ணளவில் வைக்காதீர்கள். ஒரு நூலின் முனையை ஸ்னேரின் நடுவில் அழுத்திப் பிடித்து, மேல் மைக் வரை இழுத்து, அந்த நீளத்தை விரலால் பிடித்தபடியே இரண்டாவது மைக்குக்குக் கொண்டுபோங்கள். ஒலி ஒரு மில்லிசெகண்டில் சுமார் 34 சென்டிமீட்டர் போகும். இரண்டு மைக்குக்கும் 17 சென்டிமீட்டர் வித்தியாசம் இருந்தால் அரை மில்லிசெகண்ட் தாமதம். இரண்டையும் சேர்க்கும்போது 1 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒன்றையொன்று தின்னும். ஸ்னேர் மெலிந்து அட்டைப்பெட்டி மாதிரி கேட்பதற்குப் பல நேரம் ஸ்னேர் காரணமில்லை, இந்த ஒரு சாண் தூரம்தான்.

புரோகிராம் செய்கிறவர்கள் மறப்பது ஒன்றே ஒன்று: டிரம்மருக்குக் கை இரண்டுதான். டாம்களில் இரண்டு கையும் உருண்டுகொண்டிருக்கும்போது ஹை-ஹாட்டைக் குச்சியால் தட்ட மூன்றாவது கை கிடையாது. வெலாசிட்டியில் (அடியின் பலத்தைச் சொல்லும் எண், உச்சம் 127) முக்கிய ஸ்னேர் அடி 105 முதல் 118 வரை ஏறி இறங்கட்டும். நடுவே வரும் மெல்லிய அடிகள் 25 முதல் 45. எல்லாவற்றையும் 127-இல் வைத்தால் ஒரே சாம்பிள் (பதிந்து வைத்த அடி) திரும்பத் திரும்ப ஒலித்து இயந்திரத் துப்பாக்கியாகிவிடும். எழுதும்போது கணினிச் சுட்டியைவிடக் கீபோர்டில் விரலால் தட்டிப் பதிவது மேல், பிறகு முழுதாக குவான்டைஸ் (அடிகளைத் தாளக் கோட்டுக்கு இழுப்பது) செய்யாமல் பாதி மட்டும் இழுத்துவிடுங்கள்.

தாமதம் என்ற திருடன்

இதை ஒரு நாள் ஒதுக்கிச் செய்யத்தான் வேண்டும். பதிந்த ஒலியை எந்த இடத்தில் வைப்பது என்பதை மென்பொருள் உங்கள் ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கையும் கருவியையும் கணினியோடு இணைக்கும் பெட்டி) சொல்லும் கணக்கை நம்பித்தான் முடிவு செய்கிறது. அந்தக் கணக்கு பல சமயம் சரியாக இருப்பதில்லை.

சோதனை எளிது. இன்டர்ஃபேஸின் வெளியீட்டில் ஒரு கேபிளைச் சொருகி அதே இன்டர்ஃபேஸின் உள்ளீட்டில் கொடுங்கள். ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, உள்ளீட்டின் மானிட்டரையும் அணையுங்கள். இல்லாவிட்டால் ஒலி சுற்றிச் சுற்றி அலறும். கிளிக்கை ஒரு ஆடியோ டிராக்காக மாற்றி ஓடவிட்டு, இன்னொரு டிராக்கில் அதைப் பதியுங்கள். இரண்டையும் ஒன்றின்கீழ் ஒன்றாக வைத்து, முதல் அடியின் தொடக்கம் தெரியும் வரை பெரிதாக்குங்கள். பதிந்தது 96 சாம்பிள் (டிஜிட்டல் ஒலியின் மிகச் சிறிய துண்டு) பின்தங்கியிருந்தால், 48 கிலோஹெர்ட்ஸில் அது 2 மில்லிசெகண்ட். அமைப்புகளில் ரெக்கார்டிங் ஆஃப்செட் என்ற இடத்தில் அந்த எண்ணைக் கழித்துப் போட்டு மறுபடி சோதியுங்கள். இரண்டு அடியும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார வேண்டும்.

2 மில்லிசெகண்டுக்கு இத்தனை அமர்க்களமா என்று தோன்றும். பேண்ட் ஒன்றாக வாசித்துப் பதியும்போது தேவையில்லைதான். எல்லோரும் ஒரே அளவு பிந்துவார்கள். அடுக்கடுக்காகப் பதிகிறவருக்குக் கதை வேறு. பின்தங்கிய கிதாரைக் கேட்டுப் பேஸ் வாசிக்கிறீர்கள். பேஸ் இரண்டு மடங்கு பின்தங்கும். பேஸைக் கேட்டு அடுத்த கிதார், மூன்று மடங்கு. ஆஃப்செட் 6 மில்லிசெகண்டாக இருந்தால் மூன்றாவது அடுக்கில் 18. பாட்டு ஏதோ இழுக்கிறது, எந்த டிராக் என்று தெரியவில்லை என்று குழம்பும் இடம் இதுதான். பதியும்போது பஃபர் (கணினி ஒலியைச் சேர்த்துவைத்துக் கையாளும் அளவு) 64 அல்லது 128 சாம்பிள், மிக்ஸ் செய்யும்போது 512-க்கு மேல். பதியும் நாட்களில் எல்லாம் வந்து சேரும் மாஸ்டர் டிராக்கில் லிமிட்டரோ (உச்சச் சத்தத்தை அமுக்குவது) லீனியர் ஃபேஸ் ஈக்யூவோ (ஒலியின் நிறத்தைத் திருத்துவதில் ஒரு வகை) இருக்கக்கூடாது. அவை முன்கூட்டிப் பார்த்து வேலை செய்பவை, தாமதத்தைக் கூட்டிவிடும்.

கருவி சரியானபின் உங்கள் கையையும் ஒரு தடவை அளந்துவிடுங்கள். கிளிக்கோடு எட்டு பார் ரிதம் வாசித்து, ஒவ்வொரு அடியும் கோட்டுக்கு முன்னால் விழுகிறதா பின்னால் விழுகிறதா என்று பாருங்கள். முந்துகிற கை என்றால், கிதாரை அப்படியே விட்டுவிட்டு பேஸ் டிராக்கை 5 முதல் 10 மில்லிசெகண்ட் வரை பின்னுக்குத் தள்ளிக் கேளுங்கள். திடீரென்று வேறொரு ஆள் பேஸ் வாசிப்பது போல இருக்கும்.

பேஸ்

பேஸ் வாசிக்கும்போது உங்கள் கிதாரை அணைத்துவிடுங்கள். டிரம்ஸும் குரலும் மட்டும் காதில் இருக்கட்டும். இல்லாவிட்டால் கை தன்னையே பின்தொடரும். நோட்டு தொடங்கும் இடத்தில் எல்லோரும் கவனமாக இருப்பார்கள். முடியும் இடத்தில்தான் கிதாரிஸ்ட் வாசித்த பேஸ் என்று காட்டிக்கொடுத்துவிடும். ஸ்னேர் விழும்போது நோட்டை நிறுத்துவதா தொடர்வதா என்று பகுதிக்குப் பகுதி முடிவு செய்யுங்கள். நேரடி லைன் (ஆம்ப் வழியாகப் போகாதது) ஒன்று, ஆம்ப் மைக் ஒன்று என்று இரண்டும் பதிந்தால், ஆம்ப் சத்தம் தாமதமாக வந்திருக்கும். இரண்டின் அலைகளையும் பார்த்து ஒட்டவைக்காவிட்டால் அடிவயிறு காலியாகும்.

கிதார்

தனி ஆல்பம் செய்யும் கிதாரிஸ்டுகளுக்கு இங்கேதான் சறுக்கும். யாரும் தடுக்க ஆளில்லை, டிராக்குக்குக் கணக்கில்லை. எட்டு ரிதம் டிராக் போட்டுவிட்டு ஏன் சத்தம் சின்னதாகிவிட்டது என்று கேட்பார்கள். ஒவ்வொன்றும் மற்றவற்றின் தாக்குதலை மழுக்குவதால்தான். ராக்குக்கு இரண்டு போதும்: ஒன்று முழு இடது, ஒன்று முழு வலது. இரண்டும் தனித்தனியாக வாசித்தவையாக இருக்க வேண்டும். ஒன்றைக் காப்பி செய்து 15 மில்லிசெகண்ட் தள்ளிவைத்தால் ஹெட்ஃபோனில் அகலமாகத் தெரியும்; மோனோவில் போட்டால் சில அதிர்வெண்கள் செத்து, குழாய்க்குள்ளிருந்து பேசுவது போல ஆகும்.

இரண்டாவது டேக்கை வேறொரு ஆள் வாசித்ததாக்க வேண்டும். கிதார் மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். முடியாவிட்டால் பிக்கப்பை (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தம்) மாற்றுங்கள், பிக்கை (கம்பியைத் தட்டும் வில்லை) மாற்றுங்கள். ஒன்றுக்கு 1 மில்லிமீட்டர் தடிமன், மற்றதுக்கு 0.6. கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு அதே கார்டை வேறு வடிவில் பிடியுங்கள். முதல் டேக்கை நின்று வாசித்திருந்தால் இரண்டாவதை உட்கார்ந்து, வேறொரு நாளில் வாசியுங்கள். சும்மா சொல்வதில்லை, தோள் இறுக்கம் பிக்கில் தெரியும்.

டிஸ்டார்ஷனை மேடையில் வைப்பதைவிட மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள். இரண்டு டேக் சேரும்போது அது தானாகவே கூடிவிடும். ஷ்யூர் எஸ்எம்57 மாதிரி ஒரு டைனமிக் மைக்கை ஆம்ப் வலைக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டரில், கோனின் நடு மூடியும் கோனும் சேரும் விளிம்பைப் பார்த்து வையுங்கள். நடுவுக்கு நகர்த்தினால் கூர்மை, வெளியே நகர்த்தினால் மழுக்கம். ஒரு சென்டிமீட்டர் நகர்த்தினால் எந்த ஈக்யூவும் செய்யாத மாற்றம் கிடைக்கும். கூடவே எஃபெக்ட் இல்லாத நேரடி லைன் ஒன்றையும் பதிந்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து டோன் பிடிக்காவிட்டால் வாசித்ததை வைத்துக்கொண்டு ஆம்பை மட்டும் மாற்றலாம்.

டியூனிங்: மெதுவாகத் தட்டி டியூன் செய்துவிட்டு ஓங்கி அடித்தால் கம்பி சுருதி ஏறிக் கேட்கும். பாட்டில் அடிக்கும் பலத்தோடு அடித்து டியூன் செய்யுங்கள், ஒவ்வொரு டேக்குக்கும். பேஸும் கிதாரும் ஒரே டியூனரில். ராக் பதிவுகள் அமெச்சூராகக் கேட்பதற்கு மைக்கைவிட இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்லலாம்.

குரல்

அறையில் எதிரொலி என்றால் போர்வையை மைக்குக்குப் பின்னால் கட்டுகிறார்கள். கார்டியாய்டு மைக் தன் முதுகுப் பக்கம் கேட்பதே குறைவு. அது கேட்பது பாடுகிறவரையும் அவருக்குப் பின்னால் இருக்கும் சுவரையும். ஆகவே கனமான போர்வை உங்கள் முதுகுக்குப் பின்னால், முடிந்தால் இரண்டு பக்கமும். மைக் 15 முதல் 20 சென்டிமீட்டர், நடுவே பாப் ஃபில்டர் (வாய்க்காற்றைத் தடுக்கும் வலை). உச்ச அளவு மைனஸ் 10 டெசிபல் பக்கம் நின்றால் போதும். 24 பிட்டில் அதற்கு மேல் ஏற்றுவதில் லாபம் எதுவும் இல்லை.

முழுப் பாட்டாக ஐந்து டேக், அதோடு நிறுத்தம். பின்பு வரி வரியாகத் தேர்ந்தெடுத்து ஒன்றாகக் கோத்துவிடுங்கள். பன்னிரண்டாவது டேக்கில் சுருதி சுத்தமாகிவிடும், ஆள் காணாமல் போயிருப்பார். தேர்ந்தெடுக்கும் வேலையைப் பாடிய அன்று செய்யாதீர்கள். அன்று காதில் கேட்பது பாட்டு அல்ல, தொண்டையில் பட்ட சிரமம்.

பின்பாட்டையும் நீங்களே பாடினால் அதே பல், அதே நாக்கு. 'ஸ', 'ட' ஒலிகள் நாலு டிராக்கில் நாலு கணத்தில் விழுந்து சரசரக்கும். பின்பாட்டில் வரிமுடிவு மெய்யெழுத்துகளைப் பாதி விழுங்கிவிடுங்கள். முதன்மைக் குரல் அவற்றைச் சொல்லிக்கொள்ளும். மைக்கிலிருந்து அரை மீட்டர் தள்ளி நின்று, வாயை இன்னும் வட்டமாக வைத்துப் பாடினால் குரலின் வயதே மாறும்.

எல்லையை நீங்களே போட வேண்டும்

பால் மெக்கார்ட்னி பீட்டில்ஸ் உடையும் காலத்தில் செய்து 1970 ஏப்ரலில் வெளியிட்ட முதல் தனி ஆல்பத்தில் நல்ல பகுதி வீட்டிலேயே ஒரு ஸ்டூடர் நாலு-டிராக் இயந்திரத்தில் பதிந்தது. மிக்ஸிங் டெஸ்க் கிடையாது, மைக் நேராக இயந்திரத்துக்குள். நாலு டிராக்தான் என்றால் ஒவ்வொன்றும் யோசித்துத்தான் போக வேண்டும். நிர்வானா பேண்டின் டிரம்மராக இருந்த டேவ் குரோல் 1994 அக்டோபரில் சியாட்டிலில் ஒரு ஸ்டுடியோவை ஏறக்குறைய ஒரு வாரம் எடுத்து, ஒரு பாட்டின் ஒரு கிதார் பகுதி தவிர மற்றதெல்லாம் தானே வாசித்து முதல் ஃபூ ஃபைட்டர்ஸ் ஆல்பத்தை முடித்தார். அந்தப் பாட்டுகளில் பலவற்றை அவர் வருஷக்கணக்கில் டெமோவாக வைத்திருந்தார். ஸ்டுடியோவில் யோசிக்க ஒன்றும் பாக்கி இல்லை.

இன்று இயந்திரம் எல்லை போடாது. பாட்டுக்கு 24 டிராக் என்று எழுதி ஒட்டுங்கள். பாட்டுக்கு மூன்று நாள், அதில் டிரம்ஸ் திருத்தமும் அடக்கம். ஒரு எஃபெக்ட் பிடித்திருந்தால் அதோடு சேர்த்தே பதிந்து முடியுங்கள். 'மிக்ஸில் பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிவைத்த ஒவ்வொரு முடிவும் கடைசி மாதத்தில் கூட்டமாக வந்து கதவைத் தட்டும்.

வேறு காது

நண்பர்களுக்கு அனுப்பி 'எப்படி இருக்கு' என்று கேட்டால் 'சூப்பர்' என்று வரும். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. 'எந்த நிமிஷத்தில் கவனம் வேறெங்கோ போச்சு, நேரத்தை மட்டும் குறிச்சு அனுப்புங்க' என்று கேளுங்கள். ஒரு டிரம்மர், ஒரு பாடகர், இசையே தெரியாத ஒருவர், மூன்று பேர் போதும். மூன்று பேரும் 2:40 என்று எழுதினால் அங்கே உங்கள் சோலோ இருக்கும். நீளம் பாதியாக வேண்டும்.

முடிந்தால் மிக்ஸை இன்னொருவரிடம் கொடுங்கள். நீங்களே செய்வதாக இருந்தால், பதிவு முடிந்து இரண்டு வாரம் தொடாமல் இருங்கள். கிதாரிஸ்ட் மிக்ஸ் செய்தால் கிதார் ஏறியிருக்கும். தன் குரலைத் தானே மிக்ஸ் செய்கிறவர் கூச்சத்தில் குரலை அமுக்கியிருப்பார். இரண்டும் நீங்களே என்றால் இரண்டு தவறும் சேர்ந்து வரும். ஆகவே மாதிரிக்கு ஒரு நல்ல பதிவை அதே சத்த அளவில் வைத்து, அடிக்கடி மாற்றி மாற்றிக் கேளுங்கள். பேச்சுக் குரலைவிடக் குறைந்த சத்தத்தில், மோனோவில், ஒரே ஸ்பீக்கரில் குரல் வரி புரிகிறதா, ஸ்னேர் கேட்கிறதா என்று பாருங்கள். 45 நிமிஷத்துக்கு ஒரு முறை எழுந்து போங்கள். கிதார் குரலை மறைத்தால் குரலை ஏற்றாதீர்கள்; கிதாரில் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை இரண்டு டெசிபல் இறக்குங்கள். இறுதி மிக்ஸோடு குரல் ஒரு டெசிபல் கூட்டிய பிரதி ஒன்று, குரலில்லாத பிரதி ஒன்று எடுத்து வையுங்கள். கூட்டிய பிரதிதான் பெரும்பாலும் ஜெயிக்கும்.

மாஸ்டரிங்கை (மிக்ஸ் முடிந்தபின் வெளியீட்டுக்கான கடைசி மெருகு) மட்டும் எந்த நிலையிலும் வேறு ஆளிடம் கொடுங்கள். அவருக்குப் போகும் ஃபைலில் லிமிட்டர் இருக்கக்கூடாது, உச்சத்துக்கு மேல் 3 முதல் 6 டெசிபல் இடம் இருக்கட்டும். ஸ்பாட்டிஃபை வழக்கமாக மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குத் தெரியும் சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குச் சத்தத்தைச் சமப்படுத்துகிறது. அதைவிட நசுக்கி ஏற்றி அனுப்பினால் அவர்கள் இறக்கிவிடுவார்கள், நசுங்கியது மட்டும் மிச்சம். வினைலும் போடுவதாக இருந்தால் 12 அங்குலத் தட்டில் பக்கத்துக்கு 20 நிமிஷம் பக்கம் நிறுத்துங்கள். ஊசி உள்வட்டத்துக்குப் போகப் போகக் கூர்மை குறையும் என்பதால், சிம்பல் அலறும் பாட்டைப் பக்கத்தின் கடைசியில் வைக்காதீர்கள்.

வெளியீட்டு வேலை பெரிதாக ஒன்றுமில்லை, தேதிதான் முக்கியம். விநியோகஸ்தரிடம் நாலு வாரம் முன்னால் ஏற்றிவிடுங்கள். பிளேலிஸ்ட் ஆசிரியர்களிடம் விண்ணப்பிக்க அந்த இடைவெளி வேண்டும். ஒவ்வொரு பதிவுக்கும் அதை அடையாளம் காட்டும் 12 எழுத்து ஐஎஸ்ஆர்சி எண் தனியாக. குரலில்லாத பிரதிக்கும் தனி. பழைய பேண்ட் தோழர் ஒரு பாருக்குக் கைதட்டியிருந்தாலும் பெயரைப் போடுங்கள்.

ஃபைல்களை விட்டுவிடாதீர்கள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் மோனோ டிராக் ஒன்று நிமிஷத்துக்குச் சுமார் 8.6 எம்பி. நாலு நிமிஷப் பாட்டு, 24 டிராக், பத்துப் பாட்டு என்றால் 8 ஜிபியைக் கொஞ்சம் தாண்டும். தள்ளிய டேக்குகளையும் சேர்த்தால் அதைப்போல் பல மடங்கு. புரோகிராம் செய்த கருவிகளை ஆடியோவாக மாற்றி, எல்லா டிராக்கையும் பாட்டின் தொடக்கத்திலிருந்தே தொடங்கும் வேவ்களாக எடுத்து, மூன்று பிரதி. அதில் ஒன்று வேறொரு கூரைக்கடியில் இருக்கட்டும். பிளகின் (துணை மென்பொருள்) நிறுவனம் மூடினாலும் வேவ் திறக்கும்.

இந்த ஃபைல்களுக்கு உடனடி உபயோகம் ஒன்று உண்டு. மேடைக்கு ஆள் சேர்க்கும்போது ஒவ்வொருவருக்கும் அவருடைய கருவியை மட்டும் அணைத்த மிக்ஸை அனுப்புங்கள். கிளிக் இடது காதில், பாட்டு வலது காதில். முதல் ஒத்திகையில் புது டிரம்மர் கோரஸுக்குள் உங்களைவிடச் சற்றுப் பிந்தி நுழைவார். அவரைத் திருத்துவதற்கு முன் அன்று கிளிக்கோடு எட்டு பார் வாசித்து அளந்தீர்களே, அந்தப் பதிவை ஒரு தடவை திறந்து பாருங்கள்.